காக்கைகள் என்னை மட்டும் கொத்துகின்றன. ஆடி அமாவாசைக்குள் பழையபடி வருமா?

பாளைமகள்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னால் புரியாது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வளவில் ஐந்து வீடு. நடுவில் ஒரு பெரிய வேப்பமரம். அம்மா இருந்தவரை தினமும் சோறு வடித்ததும் முதல் கரண்டி காக்கைக்குத்தான். வெறும் சோறு வைக்க மாட்டாள், பருப்பும் ஒரு சொட்டு நெய்யும் விட்டுப் பிசைந்து மட்டப்பா (மொட்டைமாடி) கைப்பிடிச் சுவரில் வைப்பாள். "கா கா" என்று கூப்பிடுவதெல்லாம் கிடையாது. எவர்சில்வர் கரண்டியால் சுவரில் இரண்டு தட்டு. அந்தச் சத்தத்துக்கே எங்கிருந்தோ வந்து இறங்கும். அதில் ஒன்றுக்கு இடது கால் மடங்கியே இருக்கும், மற்றவை அதை விரட்டும். அதற்கு மட்டும் ஓரமாகத் தனி உருண்டை. காலையில் முற்றத்தில் ஒரு காக்கை விடாமல் கரைந்தால் "யாரோ வாராக" என்று சொல்லி உலையில் ஒரு கைப்பிடி அரிசி கூடப் போடுவாள்.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கரண்டியை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் தவறியதில்லை.

வைகாசிக் கடைசியில் இங்கே காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் மரத்திலிருந்து குஞ்சு ஒன்று விழுந்து தார்சா படியோரம் கிடந்தது. உடம்பெல்லாம் இறகு முளைத்திருந்தது, வால் மட்டும் குட்டை. கண் நீலம் கலந்த சாம்பல் நிறம். வாயைத் திறந்தால் உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. விரலை நீட்டினேன், கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தெருவில் ஒரு கடுவன் பூனை சுற்றுவதால் விட்டுவிட மனசில்லை. துணியில் சுற்றி ஓலைப்பெட்டியில் வைத்து உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். பஞ்சை நனைத்துக் கொஞ்சம் பால் கொடுத்தேன். இருட்டும்வரை இரண்டு காக்கைகள் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து கத்தின.

விடியற்காலையில் பார்த்தால் குஞ்சு செத்துக் கிடந்தது.

இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் புதைத்தேன். நான் மண்ணைத் தள்ளி முடிப்பதற்குள் மேலே பத்துப் பதினைந்து கூடிவிட்டன. அப்படி ஒரு கூச்சலை நான் கேட்டதே இல்லை.

மறுநாள் கடைக்குப் போக வாசலைத் தாண்டினேன், பின்னந்தலையில் ஒரு அடி. அன்றிலிருந்து இன்றுவரை இதேதான். முடுக்கு முனை டீக்கடை வரை விரட்டுகிறது. சேலை நிறத்தை மாற்றிப் பார்த்தேன், மகளுடைய சுடிதாரைப் போட்டுப் பார்த்தேன், குடை பிடித்தேன். எதிலும் ஏமாறவில்லை. என் வீட்டுக்காரரும் மகளும் அதே வாசலில் நிம்மதியாகப் போய் வருகிறார்கள். அதைவிடப் பெரிய வருத்தம், நான் வைக்கிற சோற்றை அவை தொடுவதில்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கின்றன. மத்தியானம் அணில்தான் தின்கிறது.

எதிர்வீட்டு ஆச்சி, காக்கை தலையில் அடித்தால் சனி தோஷம் என்று சொல்லி ஸ்ரீவைகுண்டம் கைலாசநாதர் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நல்லெண்ணெய் விளக்குப் போட்டேன். மனசுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. திரும்பி வந்து ஆட்டோவை விட்டு இறங்கியதும் மறுபடியும் அடி.

ஆடி அமாவாசைக்கு அண்ணன் சென்னையிலிருந்து வருகிறான். பாபநாசத்தில் குளித்துத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் சோறு வைப்பான். அன்றைக்கும் காக்கை வராவிட்டால் அவனிடம் நான் என்ன சொல்வது? உண்மையிலேயே என் முகம் அவற்றுக்குத் தெரியுமா? எத்தனை நாளைக்கு இந்தக் கோபம்? அந்தக் குஞ்சு நான் கொடுத்த பாலால்தான் செத்ததா? கூட்டைக் கலைத்துவிடலாம் என்று வளவில் ஒருவர் சொன்னார். அது மட்டும் வேண்டாம். இன்னும் ஒரு குஞ்சு மேலே கத்துவது கேட்கிறது.

கம்பத்துக்காரர்:

எம்மா, நான் மின்சார வாரியத்தில் வயர்மேனாக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம்தான் பெரும்பாலும் வேலை. நீங்கள் சொல்வதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புதிதில்லை.

இப்போதெல்லாம் காக்கை சுள்ளியில் மட்டும் கூடு கட்டுவதில்லை. கட்டட வேலை நடக்கிற இடத்தில் கிடக்கும் கட்டுக்கம்பி, நாங்கள் வெட்டிப் போட்ட அலுமினியக் கம்பித் துண்டு எல்லாம் கொண்டுவந்து கம்பத்தில் வைத்துப் பின்னும். ஒரு துண்டு லைனில் உரசினால் போதும், தெருவே இருண்டுவிடும். அதனால் கூட்டை எடுத்தாக வேண்டும். முட்டை இருந்த கூட்டையும் எடுத்திருக்கிறேன். இளநீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் பழுப்புப் புள்ளி போட்ட முட்டைகள். அதை எடுத்த நாளெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு தெருவில் குஞ்சோடு இருந்த கூட்டை இறக்கி, ஒரு பழைய கூடையில் வைத்துப் பக்கத்துப் புங்கமரத்தில் கட்டிவிட்டு வந்தேன். நல்லது செய்ததாக நான் நினைத்துக்கொண்டேன், காக்கை அப்படி நினைக்கவில்லை. அந்தத் தெருவில் எப்போது நுழைந்தாலும் என் தலைதான். ஏணி பிடித்த ஹெல்ப்பரை ஒன்றும் செய்யவில்லை. காக்கிச் சட்டைதான் அடையாளமோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டிப் போனேன், அன்றைக்கும் அடி. மறு வருடம் சித்திரையில் போனபோதுகூட ஒன்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டது. ஆனால் கிட்டே வரவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தெருமுனையில் வண்டியை நிறுத்தி, அவற்றின் பக்கம் திரும்பாமலே கொஞ்சம் காராசேவோ கருவாட்டுத் தலையோ தூரமாகப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். நின்று பார்க்கவே மாட்டேன். நின்று பார்த்தால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும். ஒரு மாதம் கழித்துத்தான் நான் வண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே ஒன்று இறங்கியது.

கூடுதேடி:

அக்கா, நான் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், பன்னிரண்டு வருடமாகப் பறவை பார்க்கிறேன். உங்கள் முகம் அவற்றுக்குத் தெரியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்பவர் 2006ல் குகைமனிதன் முகமூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டார். அதன்பின் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும், ஆணோ பெண்ணோ, குட்டையோ நெட்டையோ, காக்கைகள் கூடிக் கத்தின. வேறு முகமூடி போட்டவர்களைக் கண்டுகொள்ளவில்லை. பிடிபடாத காக்கைகளும் மற்றவை கத்துவதைப் பார்த்து அந்த முகத்தைக் கற்றுக்கொண்டன. வருடக்கணக்கில் அது மறக்கவில்லை. நீங்கள் சேலையை மாற்றியும் பயன் இல்லாமல் போனது இதனால்தான். அவை முகத்தைத்தான் பார்க்கின்றன.

உங்களுக்கு நடந்ததற்கு இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் கெய்லி ஸ்விஃப்ட் என்ற பெண் ஆய்வாளர், காக்கைகளுக்குத் தீனி வைக்கும் இடத்தில் முகமூடி போட்ட ஆட்களைக் கையில் செத்த காக்கையோடு நிற்கவைத்தார். 2015ல் அந்த ஆய்வு வெளிவந்தது. காக்கைகள் கூட்டம் கூடிக் கத்தின. பிறகு அதே இடத்தில் வைத்த தீனிக்கு வரத் தயங்கின. செத்த காக்கை இல்லாமல் வெறுங்கையோடு வந்தாலும் அந்த முகத்தை ஆறு வாரம் வரை நினைவில் வைத்திருந்து கத்தின. அது அமெரிக்கக் காக்கை, நம் ஊர்க்காக்கை வேறு இனம். ஆனாலும் நீங்கள் இரண்டு கையிலும் குஞ்சை ஏந்திக்கொண்டு மரத்தடி வரை நடந்ததையும், அதன்பின் சோறு தொடப்படாமல் கிடப்பதையும் படித்தபோது எனக்கு அதுதான் கண்முன் வந்தது. அவற்றின் கணக்கில் அந்தக் கைப்பிடிச் சுவர் இப்போது ஆபத்தான இடம், அக்கா. உங்கள் சோற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை, பயப்படுகின்றன.

பால் பற்றிக் கேட்டீர்கள். மறைக்காமல் சொல்கிறேன், பறவைக் குஞ்சுக்குப் பால் கொடுக்கக் கூடாது. பால் அவற்றுக்குச் செரிக்காது. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாய் வாய் திறந்திருப்பதால் எந்த நீரையும் சொட்டுச் சொட்டாக விடும்போது அதற்குள் போய்விடலாம். ஆனால் விழுந்தபோது உள்ளே அடிபட்டிருந்தாலும் ஓர் இரவில் செத்துப்போகும். உங்களால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதிய அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது கூட்டை விட்டு வெளியேறும் பருவத்துக் குஞ்சு. அந்த வயதில் பறக்கத் தெரிவதற்கு முன்பே கிளைக்குத் தாவும், சில தரைக்கும் வந்துவிடும். தாயும் தகப்பனும் தரையிலேயே வந்து ஊட்டும். இனி எப்போதாவது பார்த்தால் அதே மரத்தின் தாழ்ந்த கிளையிலோ கூரை மேலோ வைத்துவிட்டு விலகிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. இறகே முளைக்காத குஞ்சாக இருந்தால் கூட்டிலேயே வைக்க வேண்டும்.

எத்தனை நாள் என்றால், முட்டையை 16, 17 நாள் அடைகாக்கும். குஞ்சு மூன்று நான்கு வாரம் கூட்டில் இருக்கும். வெளியே வந்த பிறகும் சில வாரம் ஊட்டும். மேலே இருக்கும் அந்தக் குஞ்சு நன்றாகப் பறக்கிற வரைக்கும் வேகம் குறையாது. அதுவரை நீங்கள் சோறு வைக்காதீர்கள். மகளை வைக்கச் சொல்லுங்கள், வேறு இடத்தில். அப்புறம், அடிக்கும் காக்கை பின்னாலிருந்துதான் வரும். சத்தம் கேட்டதும் அதைத் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் விலகிவிடும்.

ஒன்று கேட்க விட்டுப்போனது. உங்கள் வளவில் குயில் கத்துகிறதா? குயில் பெரும்பாலும் முட்டையிடுவது காக்கைக் கூட்டில்தான். அந்த மரத்தில் இருப்பது குயில் குஞ்சாகவும் இருக்கலாம்.

பாளைமகள்:

கூடுதேடி தம்பிக்கும் வயர்மேன் அண்ணாச்சிக்கும் நன்றி. பால் விஷயத்தைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். ஆனால் மறைக்காமல் சொன்னதுதான் நல்லது.

குயில் விடியற்காலை நாலு மணிக்கே கத்த ஆரம்பிக்கிறது. மேலே இருப்பது எது என்று கீழே நின்று தெரியவில்லை. நான் நின்று பார்க்கவும் முடியாதே.

பணிநிறைவுத் தமிழாசிரியர்:

மகளே, தோஷம் என்று ஆச்சி சொன்னதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. கோவிலுக்குப் போனது நல்லது, அதோடு விட்டுவிடு.

உன் அம்மா காக்கை கரைந்தால் கூடுதலாக ஒரு கைப்பிடி அரிசி போட்டார் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குக் குறுந்தொகையின் 210ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. பிரிந்து போன தலைவன் திரும்பி வந்து தோழிக்கு நன்றி சொல்கிறான். அவளோ, நன்றி எனக்கு எதற்கு, விருந்து வரும் என்று கரைந்து தலைவியைத் தேற்றிய காக்கைக்குச் சொல் என்கிறாள். நள்ளி என்ற வள்ளலின் காட்டுப் பசுக்களின் நெய்யும் தொண்டி என்ற ஊரின் வெண்ணெல் சோறும் ஏழு கலத்தில் வைத்தாலும் அந்தக் காக்கைக்கு அது கொஞ்சம்தான் என்கிறாள். நெய்யும் சோறும்! உன் அம்மா விட்ட அந்த ஒரு சொட்டு நெய் எவ்வளவு பழையது என்று பார். அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தியிருக்கிறேன். ஒரு வீட்டில் அது இன்னும் நடக்கிறது என்பதை உன் கடிதத்தில்தான் பார்த்தேன். அதை நிறுத்திவிடாதே.

கிள்ளான்வாசி:

அக்கா, நான் மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறேன். எங்கள் ஊருக்குக் காக்கை தானாக வரவில்லை. 1890களில் காப்பித் தோட்டத்தில் கம்பளிப்பூச்சி தின்பதற்காக இலங்கையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, காக்கை மட்டும் தங்கிப் பெருகிவிட்டது. எங்கள் ஆட்களையும் அப்படித்தானே கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள்? பாட்டி அடிக்கடி இதைச் சொல்வார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தாத்தா இறந்த பிறகு தினமும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் சோறு வைப்பார்.

இங்கே காக்கை என்றால் குப்பையைக் கிளறும் தொல்லை மாதிரிதான் பார்க்கிறார்கள். துப்பாக்கியோடு வந்து சுடுவார்கள். நாங்கள் டவுனுக்கு வந்த பிறகு ஒரு நாள் எங்கள் தெருவிலும் சுட்டார்கள். பாட்டி அன்று வைத்த சோறு அப்படியே இருந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். பாட்டி யாரிடமும் பேசவில்லை. காக்கைகளின் எண்ணிக்கை அதிகமாகிவிட்டது, மற்ற பறவைகளுக்குக் கெடுதல் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தட்டை நான் மறக்கவில்லை.

உங்கள் காக்கைகள் இன்னும் எதிர்வீட்டுத் தொட்டி மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன, அக்கா. ஊரை விட்டுப் போகவில்லை. எனக்கு அது பெரிய நம்பிக்கையாகத் தெரிகிறது.

பாளைமகள்:

ஆடி அமாவாசை முடிந்து நாலு நாள் ஆகிறது. நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தம்பி சொன்னபடி கரண்டியை மகளிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் மட்டப்பாவில் வேண்டாம் என்று ஆச்சி வீட்டு மட்டப்பாவின் மேற்கு மூலையில் வைக்கச் சொன்னேன். முதல் நான்கு நாள் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் அவித்த முட்டையை உதிர்த்துச் சோற்றில் கலந்து வைத்தாள். ஒன்று வந்து ஒரே ஒரு வாய் எடுத்துக்கொண்டு பறந்துவிட்டது. பத்து நாள் போல ஆனதும் நாலைந்து வரத் தொடங்கின. நான் ஜன்னல் பக்கமே போகவில்லை, மகள் சொல்லித்தான் கேட்டுக்கொண்டேன். வெளியே போகும்போது மட்டும் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், விலகிவிடுகிறது. அடி வெகுவாகக் குறைந்தது.

அமாவாசையன்று அண்ணன் பாபநாசத்திலிருந்து வரும்போது மணி பதினொன்று. வாழைக்காய், பூசணிக்காய், எள்ளுருண்டை, வடை எல்லாம் அம்மா செய்கிற மாதிரியே செய்திருந்தேன். அண்ணன் இலையை ஆச்சி வீட்டு மட்டப்பாவுக்குக் கொண்டுபோனான். எனக்கு மனசு கேட்கவில்லை. மாடிப்படியில் ஏறி மேல்கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

மகள் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

முதலில் வந்தது அந்தக் கால் மடங்கிய காக்கை. ஓரத்தில் வைத்திருந்த உருண்டைக்கு நேராகப் போனது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்தான். அப்புறம்தான் அதைப் பார்த்தேன். பின்னாலேயே ஒரு குஞ்சு வந்து இறங்கி, இறக்கையை நடுக்கிக்கொண்டு வாயைப் பிளந்தது. அதே சிவப்பு வாய். குயில் இல்லை. கால் மடங்கியது ஒரு பருக்கை தின்னவில்லை. பிசைந்த சோற்றை எடுத்து அந்த வாய்க்குள் வைத்தது, மறுபடி எடுத்தது, மறுபடி வைத்தது.

அதுதான் தாயோ தகப்பனோ, எது என்று தெரியாது. இரண்டு வருடம் என் கையால் தனி உருண்டை தின்ற காக்கையின் குஞ்சைத்தான் நான் கதவைச் சாத்தி உள்ளே வைத்திருந்தேன். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து கத்தியது அதுதான். அன்றைக்கு நான் அதன் காலைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் குடை இல்லாமல் வாசலில் இறங்கினேன். வேப்பமரத்திலிருந்து ஒன்று கத்திக்கொண்டே தலைக்கு மேல் தாழப் பறந்து போனது. தொடவில்லை.

அண்ணாச்சி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கரண்டியை மறுபடி என் கையில் எப்போது எடுக்கலாம்?

கம்பத்துக்காரர்:

அவசரப்படாதீர்கள் எம்மா. புரட்டாசி அமாவாசை வரைக்கும் மகளே வைக்கட்டும். அதற்குள் குஞ்சு தானாகத் தின்னப் பழகியிருக்கும். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நீங்கள் மகளுக்குப் பின்னால் சும்மா நில்லுங்கள், கையில் ஒன்றும் வேண்டாம், துணிகூட வேண்டாம். அவள் வைத்த பிறகும் நீங்கள் அங்கேயே நிற்கும்போது அந்தக் கால் மடங்கியது இறங்கி வந்தால், மறுநாள் கரண்டியை வாங்கிக்கொள்ளுங்கள். நெய் மறக்காதீர்கள்.